விட்டுப்போன மூணு பாடம்

...பன்னெண்டு கேள்விண்ணே, பன்னெண்டு. ஒண்ணு ரெண்டு தப்பாச்சுன்னா கவனக்குறைவுன்னு விட்டுடலாம். ஒரே இடத்துல பன்னெண்டும் தப்புன்னா அதுக்கு என்ன பேரு? கோச்சிங் கிளாஸாம். வாசல்ல ஆளுயரத்துக்குப் போர்டு, உள்ள ஏசி, போன வருஷம் பாஸானவங்க போட்டோவுக்கு மாலை போடாத குறை... நீங்க முதல்ல வண்டிய எடுங்க, இந்த கேட்டப் பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கிட்டு வருது. எங்கயா? நேரா போங்க. ரெண்டு மணி நேரத்துக்குன்னுதான பேசியிருக்கோம்? அப்புறம் என்ன, போங்க, சொல்றேன்.

அந்த உயிரியல் வாத்தியார் இருக்காரே, எப்பப் பாத்தாலும் போர்டுல தவளையே வரைஞ்சுட்டு இருப்பார். அவரப் பாத்து நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கணும்னு காலையிலேர்ந்து வசனம் எழுதி மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்தேன். கேட்டேன். கேட்டது நல்லாத்தான் இருந்தது. அப்புறம் அவர் பேசினாரு பாருங்க... அத விடுங்க. அந்த சிக்னல்ல இடது பக்கம் வேண்டாம், அது எங்க வீட்டுக்குப் போற வழி. வீட்டுக்கா? இல்லண்ணே, வீட்டுக்கு இல்ல.

என் பொண்ணுக்கு மாட்டு டாக்டராகணும். மனுஷ டாக்டர் இல்ல, அதுல தெளிவா இருக்கா. மனுஷங்க வலியைச் சொல்லும்போதே நடுவுல பொய்யும் சொல்லுவாங்களாம், மாடு சொல்லாதாம். எங்க வீட்டுல வளந்தவளுக்கு அப்படித் தோணுறதுல தப்பில்ல. போன வருஷம் நுழைவுத்தேர்வு எழுதினா. எட்டு மார்க்குல போச்சு. எட்டும் உயிரியல்ல போச்சு. இந்தத் தடவையும் கிடைக்கலைன்னா பேசாம கம்ப்யூட்டர்ல சேத்துடறதுன்னு அவங்கப்பா தீர்மானமா சொல்லிட்டார். அப்ப தெருவுல ஒரு மாடு நொண்டிட்டுப் போச்சு, அவ அதையே பாத்துட்டு நின்னா. பரீட்சைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கு.

அவகிட்ட ஒரு கோளாறுண்ணே. புத்தகத்தத் திறந்தா மூணாவது பக்கத்துல தூக்கம் வந்துடும். எங்க வம்சத்துல எல்லாருக்கும் உண்டு. ஆனா காதுல விழுந்தா போச்சு, கல்லுல வெட்டின மாதிரி. அஞ்சு வயசுல, நான் அடுத்த வீட்டம்மாவைப் பத்தி போன்ல பேசினத ஒரு எழுத்து மாறாம அந்தம்மா மடியிலயே உக்காந்து ஒப்பிச்சவ. அன்னைக்கு முதுகுல ஒண்ணு வெச்சேன். போன வருஷம்தான் எனக்கு உறைச்சது, அட, இத வெச்சே படிக்க வைக்கலாமேன்னு.

அதுக்கு முன்னாடி ஊர்ல சொன்ன யோசனை எல்லாம் செஞ்சு பாத்தாச்சு. கலர் பேனாவுல கோடு போட்டோம், பக்கமே ரத்தக் களறி மாதிரி ஆச்சு. சுவத்துல படம் ஒட்டினோம். சிலிண்டர் கொண்டு வந்த ஆள் கல்லீரல் படத்த நிமிந்து பாத்துட்டு, வீட்டுல யாருக்கு முடியலன்னு ரகசியமா கேட்டுட்டுப் போனார். அப்புறம்தான் நான் களத்துல இறங்கினேன். பாடத்தப் படிச்சு போன்ல பதிவு பண்றது. ஒரு பாடம் இருபது நிமிஷம், அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது. கடைசில பத்து கேள்வி. கேட்டுட்டு அஞ்சு நொடி வாய மூடிட்டு இருப்பேன், அவ பதில் சொல்லணும், அப்புறம் நான் விடை சொல்லுவேன். நான் அஞ்சு நொடி வாய மூடினத எங்க வீட்டுக்காரர் கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்துல அன்னைக்குத்தான் பாத்தாராம். அத அவ முதல் நாள் ஒரு தடவ கேக்கணும், மூணாம் நாள் ஒரு தடவ, பத்தாம் நாள் ஒரு தடவ. பல் தேய்க்கும்போது செரிமானம், பஸ்ல ரத்த ஓட்டம், துணி மடிக்கும்போது நரம்பு மண்டலம். ஒரு நிமிஷம் வீணாகாது.

பலிச்சதுண்ணே. நிஜமாவே பலிச்சது. அடுப்படில நின்னுட்டே பதிவு பண்ணுவேனா, குக்கர் சத்தம், குழாய்த் தண்ணி, எல்லாம் அதுலயே விழுந்திருக்கும். சிறுநீரகத்துல ஒரு கஷ்டமான கேள்வி, கிளாஸ்ல யாரும் எழுதல, இவ மட்டும் எழுதியிருக்கா. எப்படிடின்னேன். ரெண்டாவது விசில் முடிஞ்சதும் நீ ஹென்லே வளைவுன்னு சொன்னியேம்மான்னா. அன்னைக்கு எனக்குத் தலை கால் புரியல. ஊரெல்லாம் போன் போட்டு, என் பொண்ணு படிக்கிறான்னு சொல்லல, நான் படிக்க வைக்கிறேன்னு சொன்னேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஆனா எனக்கு இன்னொரு மாணவனும் சேந்துட்டார். மாமனார். எழுபத்தெட்டு வயசு, தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். முதல் வாரம் ஹால்லேர்ந்தே காதக் கொடுத்தார். ரெண்டாவது வாரம் நாற்காலிய அடுப்படி வாசலுக்கே இழுத்துட்டு வந்துட்டார். மூணாவது வாரம் கையில நோட்டு. நான் போன எடுத்தா அவர் கண்ணாடிய எடுப்பார். கணையம் வயித்துக்கு முன்னாடியாம்மா பின்னாடியாம்மான்னு சந்தேகம் வேற. சக்கரை வியாதின்னு வந்த அவர் சிநேகிதர உக்கார வெச்சு கணையத்துல இருக்கற லாங்கர்ஹான்ஸ் திட்டைப் பத்தி அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அதுக்கப்புறம் அந்த சிநேகிதர் எங்க தெருப்பக்கமே வரதில்ல.

சிரிக்காதீங்க. சிரிக்கலையா? சரி. இன்னும் கொஞ்ச தூரம் போங்க, ஜனசந்தடி இல்லாத இடமா பாருங்க.

நான் கான்வென்ட்ல படிச்சவண்ணே. சிஸ்டர்கிட்ட. உச்சரிப்பு சுத்தமா இருக்கணும், ரிப்பன் நேரா இருக்கணும். பத்தாவதுல அந்தப் பாடம் வந்தப்போ சிஸ்டர் எல்லாரையும் புத்தகத்தக் கொண்டுவரச் சொன்னாங்க, அந்தப் பக்கங்கள மட்டும் சேத்து பின் அடிச்சாங்க, பரீட்சைக்கு வராதுன்னுட்டாங்க. மத்தவளுங்க மத்தியானமே பின்ன பிரிச்சுட்டாளுங்க. நான் பிரிக்கல. நல்லொழுக்கத்துக்கு வருஷக் கடைசில எனக்குத்தான் பரிசு. புத்தகத்தப் பழைய பேப்பர்காரனுக்குப் போடற வரைக்கும் அந்தப் பின்னு அப்படியேதான் இருந்தது. ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இன்னும் அந்தப் பின்னு எனக்கு...

எந்தப் பாடமா? உங்களுக்கு இன்னுமா புரியல? இனப்... இனப்பெருக்கம்ணே. ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

பூவுல நடக்கறத எல்லாம் தாராளமா படிச்சேன். மகரந்தம், வண்டு, சூல்முடி, பாட்டு மாதிரி வந்தது. மாமனார் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அதோட பத்தொன்பது பாடம் முடிஞ்சது. இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு, மூணும் மனுஷங்களது. உறுப்புகள் ஒண்ணு, கரு வளர்றது ஒண்ணு, குடும்பக் கட்டுப்பாடு ஒண்ணு. மறுநாள் காலைல போன எடுத்தேன். எதிர்ல நாற்காலி. நாற்காலியில அவர். புதுப் பக்கத்துல இருபதுன்னு நம்பர் போட்டு, அடியில கோடு இழுத்து, என் வாயையே பாத்துட்டு இருக்கார். நீங்களே சொல்லுங்க, ஒரு மருமக என்ன பண்ணுவா?

இருபத்துமூணாவது பாடம், மரபியல்னு ஆரம்பிச்சுட்டேன்.

அவர் சும்மா விடுவாரா? நாப்பது வருஷம் தபால எண்ணி எண்ணிப் பிரிச்சவர். ஏம்மா, நடுவுல மூணு விட்டுப்போச்சேன்னார். நான் ஒரு நொடி கூட யோசிக்கல. பாடத்திட்டத்தக் குறைச்சுட்டாங்க மாமா, அந்த மூணும் இந்த வருஷம் இல்லன்னுட்டேன். அவ்வளவு சரளமா வந்ததுண்ணே பொய், எந்தப் பாடத்தையும் நான் அத்தனை சரளமா படிச்சதில்ல. மனசுக்குள்ள என்ன கணக்குன்னா, பொண்ணு தானா புத்தகத்தப் பாத்துப் படிச்சுப்பா, வயசுப் பொண்ணு, இதுக்கெல்லாமா தூங்கிடப் போறான்னு. ஆனா மாமனார் என்ன பண்ணினார், அவ கிளாஸ் விட்டு வந்ததும் வராததுமா நல்ல சேதி சொல்றேன்னு போய், கண்ணு, உனக்கு மூணு பாடம் குறைஞ்சுது, பாடத்திட்டத்துலேர்ந்து எடுத்துட்டாங்களாம்னு சொல்லிட்டார். அவளும் நம்பிட்டா. தாத்தா சொன்னா தபால் முத்திரை குத்தின மாதிரி அவளுக்கு.

நேத்து கிளாஸ்ல வெச்ச மாதிரித் தேர்வு முடிவு வந்தது. மத்த பாடமெல்லாம் மணிமணியா எழுதியிருக்கா. அந்த மூணுல மட்டும் பன்னெண்டும் தப்பு. அப்ப யார் மேல தப்பு? வாத்தியார் மேலதான? அவர்தான நடத்தியிருக்கணும்? அதான் இன்னைக்குப் போய் வெளுத்து வாங்கினேன். அவர் பொறுமையா கேட்டுட்டு வருகைப் பதிவேட்டத் திறந்தார். அந்தப் பாடம் நடத்தின மூணு நாளும் உங்க பொண்ணு வரலம்மான்னார். ஏன் வரலன்னு நான் பாயறதுக்குள்ள ஒரு காகிதத்த எடுத்து நீட்டினார். போக வர மூணு மணி நேரம் வீணாகிறபடியால் வாரத்தில் மூன்று நாட்கள் வீட்டிலேயே படிக்க வைத்துக்கொள்கிறேன்னு நான் எழுதின கடுதாசி. முத்து முத்தா கான்வென்ட் கையெழுத்து, ஒரு புள்ளி தப்பில்ல.

எனக்கு முன்னமே தெரியும்ணே. பொய் சொன்னது நான்தானே, தெரியாம இருக்குமா? தெரிஞ்சுதான் போனேன். கதவத் திறந்து போட்டுட்டுத் தூங்கினவ, திருடு போனதும் பூட்டுக் கடைக்காரன்கிட்ட போய் சண்டை போட்ட மாதிரி. அவர் ஏதாவது ஒரு தப்பு பண்ணியிருந்தா அதுக்கு அடியில என்னோடத ஒளிச்சு வெச்சுடலாம்னு பாத்தேன். அவர் ஒண்ணும் பண்ணல. கடைசில ஒண்ணு மட்டும் சொன்னார். நீங்க பதிவு பண்றத உங்க பொண்ணு சொல்லியிருக்கா, மத்ததெல்லாம் உங்க குரல்லதான் அவளுக்கு ஏறியிருக்கு, இதையும் நீங்களே படிச்சுக் கொடுத்துடுங்க, இருபத்திரண்டு நாள் தாராளம்னார்.

ஆனா அது கூடப் பெரிசில்லண்ணே. நேத்து ராத்திரி சாப்பாட்டுல அவ தாத்தாவப் பிடிச்சுக்கிட்டா. பாடத்த எடுத்துட்டாங்கன்னு யார் தாத்தா உங்களுக்குச் சொன்னதுன்னு கேட்டா. கத்தல, அழல, அப்படியே கேட்டா. நான் குழம்பக் கலக்கிட்டே நிக்கிறேன். கலக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. அவர் என்னை ஒரு தடவ நிமிந்து பாத்தார். பாத்துட்டு, "எனக்குத்தான் காது சரியில்ல கண்ணு, என்னத்தையோ கேட்டு என்னத்தையோ சொல்லிட்டேன் போல"ன்னார். அவர் காது எனக்குத் தெரியாதா? அடுத்த தெருவுல பால்காரன் மணியடிச்சா இவர் இங்க எழுந்து நிப்பார். அவ தட்ட எடுத்துட்டுப் போயிட்டா. காலைல அவருக்குக் காபியும் கொடுக்கல, முகமும் கொடுக்கல. நாற்காலி ஹாலுக்கே திரும்பிப் போயிடுச்சு. நோட்டு அலமாரி மேல கிடக்கு.

இங்க நிறுத்துங்க. அந்த மரத்துக்கு அந்தாண்ட, ஆமா. இன்ஜின அணைச்சுடுங்க. இல்லண்ணே, இறங்கல. யாரையும் பாக்க வரல. இங்க எனக்கு யாரையும் தெரியாது, அதுக்குத்தான் வந்தது.

வீட்டுல வெச்சு முடியல. விடிகாலைல குளியலறையில பூட்டிக்கிட்டுப் பாத்தேன், ஒரு வார்த்தை சொன்னா நாலு தடவ எதிரொலிக்குது, அதுவும் எந்த வார்த்தைன்னு நினைக்கறீங்க? மொட்டை மாடிக்குப் போனேன், பக்கத்து வீட்டம்மா துணி உலத்தறத நிறுத்திட்டு நின்னா. அதான் உங்க வண்டி. புத்தகம் பையில இருக்கு. மூணு பாடம், ஒவ்வொண்ணும் இருபது நிமிஷம். கண்ணாடிய ஏத்துங்க. அந்தக் குட்டிக் கண்ணாடிய கொஞ்சம் அந்தப் பக்கமா திருப்பிடுங்க. நீங்க பாக்கறீங்கன்னு சொல்லல. பாத்தா எனக்கு வராது.

சரி. ஆரம்பிக்கிறேன். இருபதாவது பாடம். மனித... மனித... இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன். உங்களுக்கும் பொண்ணு இருக்கா? என்ன படிக்கிறா? வேண்டாம், சொல்லாதீங்க, பதிவாகுது. மனித இனப்... என் தொண்டை இருக்கே, வாத்தியாரைத் திட்டும்போது மட்டும் கணீர்னு வருது. இன்னொரு தடவ. பக்கம் முந்நூத்து நாப்பது. ஆண்களில்... அண்ணே, நீங்க கதவத் திறக்கறீங்களா? எங்க போறீங்க? டீயா? போங்க, தாராளமா போங்க, மெதுவா குடிச்சுட்டு வாங்க. ரெண்டு டீ குடிங்க. கதவ மட்டும் மெதுவா சாத்துங்க.

...

போயிட்டார். அப்பாடா.

இருபதாவது பாடம். மனித இனப்பெருக்கம். கண்ணு, பாடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. இத நீ ஒரு தடவ கேட்டா போதும், பத்தாம் நாள் கேட்க வேண்டாம். தாத்தா காதுல ஒரு குறையும் இல்ல. பாடத்த எடுத்துட்டாங்கன்னு அவர்கிட்ட சொன்னது அம்மாதான். சொல்ல வெக்கமா இருந்தது, சொல்லாம விட்டேன். இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு, ஆனா படிக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தாத்தாவுக்குக் காபி போட்டுக் கொடு. இன்னைக்கு என்மேல எவ்வளவு கோவம் வேணா பட்டுக்கோ, நாளைக்குக் காலைல இருபத்தொண்ணு.

ஆண் இனப்பெருக்க மண்டலம். இதில் அமைந்துள்ள முதன்மை உறுப்புகள் ஒரு ஜோடி...