ஜலசந்திக்கு ஒரு பத்திரிகை

புனே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கட்கி ஸ்டாப்பில் ஏறிய இரண்டு அம்மாக்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகைகளை மடியில் வைத்துப் பேர் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

“அரே, ஜலசந்திக்கு எழுதலையேடி!”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஸ்கூல்ல நமக்கு நடுவுல உக்காருவாளே, அவளா?”

“அவளேதான். நாம டூ விட்டப்பல்லாம் அவதானே சேதி கொண்டுபோவா. பூகோளப் பாடத்துல ஜலசந்தி வந்த அன்னிக்கு நீதான் அந்தப் பேரை வச்ச.”

“ரெண்டு நிலத்துக்கு நடுவுல இருக்கும், ரெண்டு கடலைச் சேர்க்கும்.” இருவரும் ஒரே ராகத்தில் ஒப்பித்துச் சிரித்தார்கள்.

“சரி, அவ நெஜப் பேரு என்ன?”

போபோடி ஸ்டாப் தாண்டும்வரை இருவரும் வகுப்புப் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள்; எதுவும் அவளுடையதில்லை.

“ஜலசந்தின்னே எழுது. அப்படிக் கூப்பிட நம்மள விட்டா அவளுக்கு யாரு இருக்கா?”