கொம்பியூட்டரில் இருந்த அண்ணா

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்கு வைரஸ் வந்தது திருவிழா வீடியோவால்தான், ஃபாதர். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வங்காலையில் ஒரு பென்ட்ரைவ் வெளிக்கிட்டால் வீடு வீடாகப் போகாமல் நிற்காது. தன் பிள்ளை கோயில் சுரூபத்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க எல்லாருக்கும் ஆசை. எங்கள் அம்மாவும் வாங்கிச் செருகிவிட்டார். அடுத்த நாள் அண்ணாவின் படங்கள் ஒன்றையும் காணவில்லை.

றொகான் அண்ணா கடலுக்குப் போய் வராதவர். போட் மட்டும் கரை ஒதுங்கியது, ஆள் கிடைக்கவில்லை. ஆத்துமாக்கள் திருநாளில் ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். அண்ணாவுக்குக் கல்லறை இல்லாதபடியால் அம்மா கொம்பியூட்டரில் அவர் படத்தைப் போட்டு அதற்கு முன்னால் கொளுத்துவார். படங்களும், அண்ணா பாடிப் பதிந்த சில பாட்டுகளும் அந்த ஒரு மெஷினுக்குள்தான் இருந்தன. அப்பா முன்னமே தவறிவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான்.

நான் கந்தோரில் கொம்பியூட்டர் திருத்துகிற வேலைதான் பார்க்கிறேன். முதலில் இன்டர்நெட் வயரைக் கழற்றினேன். அந்த வைரஸ் அவ்வளவு பொல்லாதது இல்லை. ஃபைல்களை அழிக்காது, ஒளித்துவைத்துவிட்டு அவற்றின் இடத்தில் போலிகளை வைக்கும். ஒளித்தவற்றை வெளியே எடுத்து, தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி பண்ணி, பிறகுதான் இரண்டையும் ஸ்கான் பண்ணினேன். சொந்தப் படங்கள் இருக்கிற மெஷினில் அவசரப்படக் கூடாது. ஒரு படம்கூடப் பழுதாகவில்லை.

அம்மா செபமாலையோடு வாசலில் வந்து நின்றார். "தம்பி, அண்ணா இருக்கிறானோ?" அப்படித்தான் கேட்டார்.

அதற்கு முந்தின கிழமைதான் எனக்கு வேலை நிரந்தரமானது. ஓடி வந்து சொன்னேன். அம்மா என்னைத் தாண்டிப் போனார். கொம்பியூட்டரைப் போட்டு, "றொகான், உன்ர தம்பிக்கு வேலை நிரந்தரமாப் போச்சு" என்று படத்துக்குச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. பசிதான் வந்தது, போய்ச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.

"எல்லாம் அழிஞ்சுபோட்டுது அம்மா" என்று வாசலில் நின்றவரிடம் சொன்னேன்.

குளறி அழுவார் என்று நினைத்தேன். அம்மா என் தலையைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "நீ கவலைப்படாதை ராசா. உன்னால ஏலுமானதைச் செய்தனீதானே." அம்மா என் தலையைத் தொட்டு எவ்வளவு காலம்! அந்த நேரம் பார்த்து எப்படி உண்மையைச் சொல்வது? "இன்னும் தேடிப் பாக்கிறன் அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருப்பார். நான் ஸ்கானை ஓடவிடுவேன். பச்சைக் கோடு வளர்வதைப் பார்த்தபடி கதைப்பார். நான் சின்னதில் நண்டைக் கண்டால் அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிப்பேனாம். அதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. சுத்தமான மெஷினைத் திரும்பத் திரும்பத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். மிகவும் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கப் போவதில்லை.

ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அம்மா வெறும் கறுத்த திரைக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். மெஷினில் இருந்த படங்களை நான் முன்னமே எடுத்துவிட்டேன்; பிரதி பண்ணிய டிஸ்க் அலுமாரியில் என் உடுப்புகளுக்குக் கீழே இருந்தது. நானும் முழங்காலில் நின்று செபித்தேன். எழும்பும்போது அம்மா சொன்னார்: "தேடினது காணும் ராசா, விட்டிடு. உன்ர கண்ணெல்லோ கெட்டுப்போகுது."

அடுத்த நாள் அம்மாவின் கதிரை குசினி அடுப்படிக்குப் போய்விட்டது. எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு படத்தைத் தேடிப்பிடித்தது போலக் கொடுத்தேன். தூரத்தில் அண்ணா முதுகைக் காட்டி வலை திருத்துகிற படம். அம்மா திரையைக் கொஞ்சினார். கதிரை திரும்பி வந்தது.

அதன் பிறகு, அம்மா மெல்ல விலகுகிற மாதிரித் தெரிந்தால் ஒரு படம் கொடுப்பேன். முகம் தெளிவானவற்றைக் கடைசிக்கு வைத்தேன். நல்லதை முதலிலேயே கொடுத்தால் அதோடு நின்றுவிடுவார் அல்லவா. இதற்கிடையில் அம்மாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் கண்ணைப் பார்த்த டாக்டர், நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, போன பார்வை இனித் திரும்பாது என்றார். வருகிற வழியில் பஸ்ஸில் அம்மா கேட்டார்: "முகம் கிட்டத் தெரியிற மாதிரி ஒண்டு எடுக்கேலாதோ தம்பி? எனக்குக் கண் இருக்கேக்கை பாத்திடுவன்."

"பாப்பம் அம்மா" என்றேன்.

நிறைய இருந்தன. இன்றைக்குக் கொடுப்போம் என்று ஒவ்வொரு பின்னேரமும் நினைப்பேன், கை போகாது. எல்லாவற்றையும் கொடுத்து முடித்தால் அந்த வீட்டில் நான் யார்? அதோடு, அம்மாவை நடமாட வைத்ததே அந்தக் காத்திருப்புத்தான் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். பாட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். கண் முழுதாகப் போன பிறகு அவருக்கும் ஏதாவது வேண்டுமே.

நேற்றுப் பார்க்கப் பாவமாக இருந்தது. கதிரையை அம்மா தடவித் தடவித்தான் பிடித்தார். உள்ளதிலேயே தெளிவான படத்தைத் திரை நிறையப் போட்டேன். அண்ணா நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். அம்மா மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது ஆர் ராசா? நீயோ?"

"ஓம் அம்மா. நான்தான்."

அம்மா இரண்டு கையாலும் திரையைப் பிடித்து, "என்ர பிள்ளை, என்ர செல்லம்" என்று நெற்றியிலும் கன்னத்திலும் கொஞ்சினார்.

அது பொய், ஃபாதர். அந்த ஒரு பொய்க்காகத்தான் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தேன். மற்றதெல்லாம் அம்மாவுக்காகச் செய்தது.