திரைக்குப் பின்னால் சுத்தியல்

— இழைப்புளியைக் கீழே வையுங்கள், அப்பாதுரை. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். இந்த வாரத் தமிழ்ப் பாட்டு வரிசையில் நம் படகுப் பாட்டு முதலிடம்.

— எந்த எடம் வந்தா எனக்கு இன்னா, சரளாம்மா? நாளைக்குப் படப்பைல கல்யாணம். இந்தக் கட்டிலு சாய்ங்காலத்துக்குள்ள வண்டி ஏறணும்.

— சினிமாப் பாட்டெல்லாம் நமக்குக் கீழே நிற்கிறது. ஒரு நாடகப் பாட்டு! தாம்பரத்து மேடையில், திரைக்கு முன்னால் நின்று நான் பாடியது!

— தெரியும்மா. வெள்ளிக்கெழம பல்லாவரம் சந்தைல, செல்போன் கவர் விக்கிறவன் அதையேதான் போட்டுகினு கெடந்தானாம். கருவாடு வாங்கப் போன கன்னியம்மா காதைப் பொத்திகினு வந்தா.

— பொத்தாம இன்னா பண்ணுவேன்? இந்தம்மாதான உன்னிய அத்தினி பேரு முன்னாடி வெளிய போன்னு தொரத்துச்சி? பதினாலு வருசமா இவங்க நாடகத்துக்கு அரமனை, காடு, கோயிலுன்னு கட்டிக் குடுத்த மனுசன் நீ. இப்ப நியூஸ் வாசிக்கிறாப்ல வந்து நின்னுகினு பேசுது!

— கன்னியம்மா, சும்மா கெட. போய் அம்மாவுக்கு டீ போடு.

— போடறேன். சக்கரை போட மாட்டேன்.

— உங்கள் மனைவியின் கோபம் நியாயமானது. ஆனால் நான் "வெளியே போ" என்று சொல்லவில்லை. "வெளியே போங்கள்" என்றுதான் சொன்னேன்.

— ஆமாம்மா. மருவாதியாத்தான் தொரத்துனீங்க.

— விதி என்றால் விதிதான். காட்சி மாறும்போது திரையை இறக்குகிறோம். பின்னால் நீங்கள் குடிசையைக் கழற்றிவிட்டுப் படகை நிறுத்த வேண்டும். அந்த நான்கு நிமிடம் சபையோர் எழுந்து போகாமல் இருக்கத்தான் முன்னால் ஒரு பாட்டு. அப்போது பின்னால் ஊசி விழும் சத்தமும் கேட்கக்கூடாது என்று ஒத்திகையிலேயே சொல்லியிருந்தேன். நீங்களோ பாட்டு முழுக்கச் சுத்தியலால் அடித்தீர்கள்.

— அட்ச்சேன். இல்லேன்னு எப்பனா சொன்னேனா?

— சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூடப் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

— பேசி இன்னா ஆவப்போவுது? வுடுங்க.

— விட்டுவிட நான் வரவில்லை. அன்றைக்குச் சபையில் உட்கார்ந்திருந்த அக்தர் என்கிற பையன் போனில் பிடித்துப் போட்ட பாட்டுதான் இப்படிப் பரவியது. அதைக் கேட்டுப் பிரசன்னா என்பவருடைய கம்பெனி என்னை ஸ்டுடியோவுக்கு அழைத்து, அதே பாட்டை மறுபடியும் பாட வைத்தது. துளிச் சத்தம் இல்லை. பளிங்கு போல இருந்தது.

— நல்லதாப் போச்சி. அது எத்தினியாவது எடம்?

— அதை ஒருவரும் சீந்தவில்லை.

— ஐயய்ய!

— அக்தர் போட்டதைத்தான் ஊரே கேட்கிறது. நேற்று மின்சார ரயிலில் கல்லூரிப் பெண்கள் நான்கு பேர். நான் பாடிய வரியை யாரும் பாடவில்லை, அப்பாதுரை. ஜன்னல் கம்பியில் உங்கள் சுத்தியல் அடியைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். பல்லாவரம் முதல் தாம்பரம் வரை!

— கன்னியம்மா! கேட்டியாடி?

— கேட்டுகினுதான் கீறேன். சக்கரை ஒரு ஸ்பூன் போட்டுட்டேன்.

— பிரசன்னா மூன்று டிரம் வாசிப்பவர்களை வரவழைத்தார். ஒருவருக்கும் அந்த அடி வரவில்லை. "அது என்ன வாத்தியம், மேடம்? வாசித்தது யார்?" என்று என்னைக் கேட்டார். தப்பு என்று நான் துரத்தியதை அவர் வாத்தியம் என்கிறார்! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

— இன்னா சொன்னீங்க?

— வாயால் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தேன். இன்று காலையிலிருந்து பாட்டின் கீழே இருக்கிறது. இதோ, நீங்களே பாருங்கள்.

— கண்ணாடி எங்க வெச்சேன்? கன்னியம்மா, நீ படி. இந்த எழுத்து எறும்பாட்டம் ஓடுது.

— குரல், சரளா. அதுக்குக் கீழ, தாளம், அப்பாதுரை. யம்மாடி! உன் பேருதான்யா! எதிர்வூட்டு மஹாலட்சுமிகிட்ட காட்டிட்டு வரேன், போனைக் குடு!

— அது அம்மா போனுடி!

— கொண்டு போகட்டும். தெரு முழுக்கக் காட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு ஓர் இருக்கை கூட மிச்சமில்லை. நீங்கள் வர வேண்டும். அத்தனை பேர் முன்னால் அனுப்பினேன். அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

— மன்னிப்பெல்லாம் வாணாம்மா, பேஜாரு. கட்டிலை ஏத்தி வுட்டுட்டு வந்துடறேன். போதுமா?

— போதாது. ஒரு கேள்வி இருக்கிறது. நேற்று கிடங்கில் அந்தப் படகைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு நிமிடம் அடித்தீர்களே, புதிதாக ஓர் ஆணி கூட இல்லையே?

— பழைய ஆணிய அட்ச்சிருப்பேன்.

— பழைய ஆணியின் மேல் பெயின்ட் கூட உரியவில்லை. பொய் உங்களுக்கு வராது, அப்பாதுரை. எதை அடித்தீர்கள்?

— வெறும் கட்டையம்மா. அன்னிக்குப் படகை மொத வரியிலயே சட்டுனு நிறுத்தி முட்ச்சிட்டேன். ரெண்டாவது வரியில நீங்க தாளத்த வுட்டு ஓட ஆரம்பிச்சிட்டீங்க. மூச்சு வாங்குது. வைத்தீஸ்வரன் சார் தபலாவும் உங்க பின்னாடியே ஓடுது. யாராச்சும் ஒருத்தன் நின்னு அடிக்கணும்ல? கட்டைய எடுத்து அட்ச்சேன். புடிச்சிகினு வந்துட்டீங்க.

— எனக்கா? எனக்கா தாளம் தப்பியது? அதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?

— சொல்லியிருந்தா, என்னிய வுட்டுட்டு உங்களையே தொரத்தியிருப்பீங்க. அப்பால நம்ப நாடகத்துக்கு யாரும்மா பாடறது?