ஒத்திகைச் சிலுவை

— கட்ட அவுத்து வுடவா மாமா? எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க. அவங்க வர்ற வரைக்கும் எதுக்கு சிலுவையில தொங்கிக்கிட்டு?

— வேணாம் லியோ. கால்கட்டை இருக்குல்ல, நின்னுக்குறேன். முந்திரிப்பழ வாசம் வருது பாரு. மேலேருந்து பாத்தா நம்மூரே தூங்குறாப்ல இருக்கு.

— தவக்காலம் பூரா ஒருவேளதான் சாப்புடுறீங்க. மயக்கமா இருக்கும்.

— நல்ல மயக்கந்தான். இப்பக்கூட உங்கக்கா வந்தா. அந்த மரத்தடியில, ஈரத் தலையோட. பாஸ்கா நாடகத்துக்கு நேரமாச்சு, இன்னும் அங்கி உடுத்தலையான்னு கேக்குறா.

— கண்ணத் தொறங்க மாமா. தூங்குறீங்க.

— கல்லறைத் தோட்டங்கூட தெரியுதுடா. அவளுக்கு யாரோ செவந்தி வச்சிருக்காங்க.

— நான்தான்.

— நெனச்சேன். ஏன்டா, நான் ஏசு, நீ சேவகன். என் மூஞ்சில துப்பணும். தெனமும் மண்ணுலயே துப்புற. வாத்தியாரு கத்துறாரு.

— வாயி காஞ்சி போவுது மாமா.

— நாடகந்தானடா.

— நெசமாவே துப்புனவனுக்கு எப்புடி நாடகமா வரும்? அக்காவ குழியில எறக்குறப்ப, அத்தினி சனத்துக்கு முன்னால, மாருல கட்டி இருந்ததக்கூட பாக்காம கொன்னுட்டியேன்னு உங்க மூஞ்சில துப்புனேன். நீங்க தொடைக்கக்கூட இல்ல. இன்னிக்கும் பந்தியில உங்க பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்குறாங்க.

— அத வுடு.

— என்னைய சேவகனாப் போடச் சொன்னது நீங்கதானாமே. எதுக்கு மாமா?

— அன்னிலேருந்து என் வூட்டுப் பக்கமே நீ வரல. நாடகத்துலயாச்சும் கிட்ட வந்துதானே ஆவணும்.

— மாமா, நீங்க கட்டுல இருக்கறப்பவே சொல்லிடுறேன். அக்கா அந்தக் கட்டியப் பத்தி மொதல்ல என்கிட்டதான் சொல்லுச்சு. ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுல வச்சி. மாமாகிட்ட சொல்லாத, பயந்துடுவாருன்னுச்சு. என் கல்யாணம் முடியட்டும்னு நானும் வாய மூடிக்கிட்டேன். கொன்னது நான்தான் மாமா.

— அழாத. அவங்க வர்றாங்க. அட்டைத் தொப்பி சாஞ்சிருக்கு, நிமித்திக்க.

— நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. சாவுறதுக்கு முன்னாடி அவளே என் கையப் புடிச்சிக்கிட்டு சொல்லிட்டா. அன்னிக்கு நீ துப்புறப்பவே எனக்குத் தெரியும் லியோ.