அமிர்தம் திரும்பிப் பார்த்தாள்

பக்கிரி கொண்டுவந்து கொடுத்த பூவன் தார் ஒரே சீராகப் பழுத்தது, ஐயா. நன்னிலத்தில் எங்கள் நிலத்து மண் அப்படி.

எங்கள் நிலம் என்றேன். அந்த அரை வேலி நிலத்துக்குப் பட்டா எங்கள் பேரில், குத்தகைப் பதிவு அவன் பேரில். அவன் அப்பா கொடி பிடித்து வாங்கிய உரிமை. அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்ற வழக்கு நடத்தியே என் அப்பா தேய்ந்து போனார். இதை மனதில் வைத்து நான் கத்தி எடுக்கவில்லை. அதை நீங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பக்கிரியின் மகள் அமிர்தத்துக்குப் பிறவியிலேயே காது கேளாது. அரசுக் காப்பீட்டில் தஞ்சாவூருக்கு என்னிடம் அறுவைச் சிகிச்சைக்கு வந்தபோது நான்கு வயது. அவனுக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னேன். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, இரண்டு நரம்புகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் வெட்டுவோம். அதன் முடிவில் வட்டச் சாளரம் என்று ஒரு மடை. அதன் வழியே நத்தைக்கூடு மாதிரி இருக்கும் உட்காதுக்குள் மெல்லிய கம்பியை விடுவோம். சிலருக்கு அந்த மடைக்குக் கீழே எலும்பில் ஒரு வெற்றுப் பொந்து இருக்கும், பார்த்தால் மடை மாதிரியே தெரியும். அதை மட்டும் சொல்லவில்லை.

சிகிச்சை முடிந்த மறுநாள் காலை பக்கிரி கைகூப்பி நின்றான்.

"புள்ளைக்குக் காது குடுத்துட்டீங்க. நெலத்த நீங்களே வச்சுக்குங்க. எழுதிக் குடுத்துடுறேன்."

நான் கேட்கவில்லை. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது. மத்தியானம் எக்ஸ்ரே வந்தது. உள்ளே சுருண்டிருக்க வேண்டிய கம்பி பொந்தில் மடங்கிக் கிடந்தது. உடனே திருத்தியிருக்கலாம். தாலுகா ஆபீஸில் அவன் கையெழுத்துப் போட ஒரு வாரம் இருந்தது. படத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

கருவியை இயக்கியும் அவளுக்குக் கேட்காதபோது நரம்பு பலவீனம் என்று எழுதி வைத்தேன். குழந்தையின் தாய் அம்சத்திடம், வீட்டில் பயிற்சி போதவில்லை என்றேன். அவள் ஒரு வருடத்துக்கு மேலாக அடுப்படியிலும் நாற்றங்கால் கரையிலும் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வாரா வாரம் பஸ் ஏறி வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தலையசைத்து மன்னித்தேன்.

ஒருநாள் பக்கிரி தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மடை மாறியிருக்குமாங்க? வேற டாக்டர்கிட்டயும் ஒருதரம் காட்டிப் பாக்கலாமான்னு..."

இது வயக்காடு இல்லை என்று சிரித்தேன். குழந்தையைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்து, சன்னல் பக்கம் போய் நின்று, "அமிர்தம்" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். அம்சம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பாத்தீங்களா, கேக்குது" என்றேன்.

வேறு டாக்டர் பேச்சு அன்றோடு நின்றது. இப்போது அவளுக்கு ஏழு வயது. பேச்சு படியும் வயது போய்விட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சன்னலில் வெயில் இருந்தது, ஐயா. கூப்பிடும்போது கையைத் தூக்கினேன். நிழல் அவளுக்கு எதிரே சுவரில் அசைந்தது. வேண்டுமென்றேதான் தூக்கினேன்.