மூணாவது குதி

– "விளையாடும்போது விழுந்தார்"னு பதில் எழுதியிருக்கீங்களே மேனேஜர், என்ன விளையாட்டுன்னு எழுதலையே. கண்ணாமூச்சியா, ஓடிப்பிடிச்சா?

– குதிக்கிற விளையாட்டு மச்சான்.

– மச்சான் எல்லாம் உங்க வீட்டுல. என் தங்கச்சியக் கட்டினதுக்கு இங்க சலுகை கிடையாது. இங்க நான் கம்பெனி வக்கீல். சார்னு கூப்பிடுங்க.

– சரிங்க சார் மச்சான்.

– மேனேஜர்!

– சார். நம்ம செக்கிங் அக்கா இருக்காங்களே, மெத்தை மேல ஏறி நின்னு சின்னக் கொழந்தையாட்டம் குதிச்சிருக்காங்க. விழுந்து மணிக்கட்டு உடைஞ்சிருச்சு. இப்ப நஷ்டஈடு கேட்டு மனு போட்டிருக்காங்க. வேலை நேரத்துல விளையாடினா கம்பெனி எப்படி சார் பொறுப்பாகும்?

– அவங்களுக்கு வயசு என்ன?

– ஐம்பத்தி நாலு.

– ஐம்பத்தி நாலு வயசுல ஒரு நாள் திடீர்னு குதிக்கணும்னு தோணிருச்சாக்கும்.

– மனுஷ மனசு சார். யாருக்கு எப்ப என்ன தோணும்னு யார் கண்டா?

– இதைப் போய் நான் லேபர் கமிஷனர் முன்னாடி சொன்னா அவருக்கு என்ன தோணும்னு நல்லாத் தெரியும். அந்தம்மாவை வரச் சொல்லியிருக்கேன். அதோ வந்துட்டாங்க.

– வணக்கம் வக்கீலய்யா. ஒரு கை மாவுக்கட்டுல கெடக்கு, கும்பிட முடியாது. பாதி வணக்கமா வச்சுக்குங்க.

– பரவாயில்லம்மா, உக்காருங்க.

– நாற்காலி இருக்கா? மெத்தை மேல உக்காந்தா அதையும் விளையாட்டுன்னு எழுதிருவாரு மேனேஜரு.

– அக்கா, நான் தப்பா எழுதலக்கா. நீங்க சந்தோஷமா இருந்தீங்கங்கிற அர்த்தத்துலதான்...

– பத்தொம்பது வருஷமா இந்தக் கம்பெனியில இருக்கேன். நான் சந்தோஷமா இருந்ததை எந்த மகராசன் பாத்தான்?

– வரிசையாப் போவோம்மா. முதலாவது, உங்க வேலை என்ன?

– குதிக்கிறது.

– தினமுமா?

– நாளைக்கு நாப்பது மெத்தை. ஒவ்வொண்ணுக்கும் நாலு மூலை, மூலைக்கு மூணு குதி. உள்ள ஸ்பிரிங் முனகுதான்னு காது குடுத்துக் கேக்கணும். என் மருமக கேக்குறா, "கம்பெனியில உங்களுக்கு என்ன அத்தை வேலை?"ன்னு. மேற்பார்வைன்னு சொல்லி வச்சிருக்கேன். குதிக்கிறேன்னு சொன்னா மதிப்பாளா?

– மேனேஜர், குதிக்கச் சொன்னது நீங்களா?

– எழுத்துல எங்கயுமே சொல்லல சார். "அழுத்திப் பார்க்கவும்"னுதான் போர்டு மாட்டியிருக்கோம்.

– வாயால?

– வாயால... நல்லா அழுத்திப் பாருங்கக்கான்னு...

– "யானை ஏறின மாதிரி குதிங்கக்கா"ன்னாரு! அன்னிலேர்ந்து பேக்கிங் பொண்ணுங்க என்னை யானைக்கான்னுதான் கூப்பிடுதுங்க.

– இரண்டாவது. இந்த ரூமைப் பாருங்கம்மா. இந்தப் பக்கம் மெத்தை, அந்தப் பக்கம் மெத்தை, சுவரோரமா கூரை வரைக்கும் மெத்தை. இதுக்குள்ள விழுந்து ஒருத்தருக்கு அடிபடணும்னா திட்டம் போட்டுத்தானே விழணும்?

– நான் எங்கய்யா விழுந்தேன்? அதுதான் என்னைத் தூக்கிப் போட்டுச்சு, அதோ அந்த இரும்புத் தள்ளுவண்டி மேல. அந்த மெத்தைக்கு ஒரு மூலையில கோளாறு. மொத குதிக்குத் தூங்கும். ரெண்டாவதுக்குக் கண்ணு முழிக்கும். மூணாவதுக்கு உதைக்கும்.

– மாடாம்மா அது?

– மாடுன்னா மூஞ்சியப் பாத்து ஒதுங்கியிருப்பேனே. இதுக்கு மூஞ்சி எங்க இருக்கு?

– சுத்தக் கதை சார். அந்த மெத்தைக்குக் "குறையில்லை"ன்னு சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டதே நான்தான்.

– சரி, மெத்தை கோளாறுன்னு முடிவாச்சுன்னா முதலாளி என்ன பண்ணுவார்?

– கையெழுத்துப் போட்டவனை மெத்தையோட சேத்துக் கட்டித் தெருவுல எறிஞ்சிருவார் சார்.

– மெத்தை நல்ல மெத்தைதான்னு முடிவாச்சுன்னா?

– அப்ப நான் விளையாடினதா ஆயிரும் வக்கீலய்யா. நஷ்டஈடும் இல்ல, வேலையும் இல்ல. மூணு மாசத்துக்குக் கையை அசைக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. ஒத்தக் கையோட எங்க போய் நிப்பேன்?

– ஆக, எல்லாம் அந்த மெத்தை கையில இருக்கு. எங்க அது?

– அது... அதை எதுக்கு சார்? டீ சொல்லட்டுமா?

– மேனேஜரு உக்காந்திருக்காரே, அவருக்கு அடியில இருக்கிறதுதான்யா அது. காலைலேர்ந்து எந்திரிக்க மாட்டேங்கிறாரு.

– எந்திரிங்க மேனேஜர். இருபத்திரெண்டு வருஷமா எனக்கு ஒரு பழக்கம். தொழிலாளி என்ன செஞ்சாரோ அதை நானே ஒரு தடவை செஞ்சு பாக்காம வாதாட மாட்டேன். ஐஸ் கம்பெனி கேஸ்ல ஒரு மணி நேரம் ஐஸ் ரூம்ல உக்காந்தேன். கோழிப்பண்ணை கேஸ்ல கோழிகிட்டக் கொத்து வாங்கினேன். ரெண்டுலயும் கம்பெனிக்குத்தான் ஜெயம்.

– கொத்து வாங்கிட்டு எப்படிய்யா ஜெயிச்சீங்க?

– கொத்தினது பக்கத்து வீட்டுக் கோழின்னு நிரூபிச்சேன். மேனேஜர், செல்லை எடுத்து வீடியோ போடுங்க. கமிஷனர்கிட்ட இதைத்தான் குடுக்கப் போறேன். சத்தமும் பதிவாகும், வாயைத் திறக்கக் கூடாது.

– சார், உங்களுக்கு பிரஷர் இருக்கு சார்.

– மாத்திரை போட்டாச்சு.

– இப்பத்தான் சாப்பிட்டீங்க.

– காலைல சாப்பிட்டது. என்ன, நீங்க கையெழுத்துப் போட்ட மெத்தை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?

– ஐயையோ, தங்கமான மெத்தை சார்!

– அப்ப பிடிங்க செருப்பை. அம்மா, எந்த மூலை?

– அந்தக் கடைசி மூலைய்யா. கோட்டைக் கழட்டிருங்க. முட்டியை வெறைப்பா வைக்காதீங்க. இடுப்புல கையை வைங்க... ஆங், அப்பிடித்தான். பழகினவரு மாதிரி இருக்கீங்க.

– ஒண்ணு! பாத்தீங்களா, ஒண்ணுமே ஆகல. சொல்லப்போனா சுகமா இருக்கு.

– தூங்குதுய்யா.

– சார், ஒண்ணே போதும் சார். வீடியோல பளிச்சுன்னு விழுந்திருக்கு.

– பேசாதீங்கன்னேன்! ரெண்டு! ஆகா. அம்மா, சின்ன வயசுல எங்கப்பா கட்டில் மேல ஏறவே விட மாட்டாரு என்னை.

– உள்ள "கிர்ர்"ருன்னுச்சே, கேட்டுச்சா? முழிச்சிருச்சுய்யா. வேணாம், இறங்கிருங்க.

– இறங்கினா நீங்க சொன்னது பொய்னு ஆகுமேம்மா.

– ஆகட்டும். உங்களுக்கும் ரெண்டு கைதான் இருக்கு. நாளைக்குப் பேனா பிடிக்க வேணாமா? என் கண்ணு முன்னாடி இன்னொரு கை உடையுறதைப் பாக்க என்னால ஆகாது.

– அப்ப மனுவை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?

– வாங்கிக்கிறேன். எதுவேணா எழுதிக்குங்க. மொதல்ல கீழ வாங்க.

– மேனேஜர், அம்மா சொன்னது பதிவாச்சா?

– ஆச்சு சார், ஆச்சு! நாம ஜெயிச்சுட்டோம்! கையைக் குடுங்க, மெதுவா இறங்குங்க.

– தள்ளி நில்லுங்க. பாதியில விடுற பழக்கம் எனக்குக் கிடையாது. மூணுன்னா மூணுதான்.

– சார், அதான் ஜெயிச்சாச்சே சார்!

– ஜெயிச்ச சந்தோஷத்துலதான்யா குதிக்கப் போறேன். இன்னும் கொஞ்சம் ஒசரமா. வீடியோவை ஆட்டாமப் பிடிங்க. மூ...

– ஐயோ மச்சான், குதிக்காதீங்க! கையெழுத்துப் போடுறதுக்கு முந்தின நாள் அது என்னையும் அதே தள்ளுவண்டி மேலதான் தூக்கி அடிச்சுது!