கொண்டி போட்ட சத்தம்

அம்மாக்கண்ணு அக்கா போடும் தேத்தண்ணிக்கு ஈடில்லை, மிஸ்ஸி. ஒரு வருடம் மட்டும் சீனி போட மறந்துவிடுவார். நீங்கள் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ், உங்களுக்குத் தெரியாது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் அக்காவும் நானும்தான் பார்த்துக்கொண்டோம். அக்காவுக்கு மாதவிடாய் நின்றுகொண்டிருந்த காலம். இந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டும். ராத்திரி தூக்கமில்லை. பிள்ளைகளின் பெயர்கூட வாயில் வராது, நான்தான் எடுத்துக்கொடுப்பேன்.

ஒருநாள், கொழுந்து பறிக்கப் போயிருந்த வினோதாவின் இரண்டு வயது மகன் பின்கதவு வழியாக வெளியே போய், மழைத்தண்ணீர் ஓடிய வடிகானில் விழுந்து இறந்தான். கதவின் கொண்டி திறந்து கிடந்தது.

"கொண்டிய நான் போடலயா, பிரேமினி?"

"மறந்துட்டீங்கக்கா," என்றேன்.

அக்காவின் மறதி தோட்டத்துக்கே தெரியும். வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவருடைய லயத்து வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை, என்னைத் தவிர.

டவுன் ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்குச் சிங்களம் ஓடாது. டாக்டர் என்னிடம் நிதானமாக விளக்கினார். மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பின் சுரப்பு குறைய, மூளையும் கொஞ்சம் தடுமாறும், மறதி வரும். பெரும்பாலும் மூளை அதற்குப் பழகிக்கொள்ளும், தெளிவு திரும்பும். பயப்பட வேண்டாமென்று அவரிடம் சொல்லுங்கள் என்றார்.

"என்னா சொல்றாங்க?"

"மூள சுருங்கிப் போச்சாங்க்கா. இனி சரிவராதாம்."

அக்கா அழவில்லை. டாக்டரைக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். நான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

டாக்டர் சொன்னபடியே இப்போது தெளிந்து வருகிறார். போன மாதம், "கொண்டி போட்ட சத்தம் காதுலயே இருக்கு பிரேமினி," என்றார். அன்றைக்கே அவருடைய வீட்டுச் சாவியை அரிசி வாளிக்குள் புதைத்தேன். தேடித் தேடி அழுதார். பிறகு நானே எடுத்துக்கொடுத்தேன். அதன்பின் அவ்வப்போது எதையாவது ஒளித்து வைக்கிறேன்.

மூளை சுருங்கியதென்று யார் சொன்னதென நேற்று அக்காவிடம் கேட்டீர்களாம். அதனால்தான் வந்தேன். கொண்டியை அக்கா போட்டார், நான் பார்த்தேன். கட்டாரில் இருக்கும் என் புருஷனோடு பேச, சிக்னல் தேடி நான்தான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். பேச்சு சுவாரசியத்தில் சாத்தவில்லை.

அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், மிஸ்ஸி. ஊரே ஒதுக்கிய மனுஷிக்கு இருப்பது நான் ஒருத்திதான். இதைக் கேட்டால் அவர் மனசு தாங்காது.